எட்டா, மூன்றா?

கொக்குவில்
20.10.2024

அன்புத் தம்பி வாகீசனுக்கு,

மாரி தொடங்கிவிட்டது. கிணறு நிறைந்து, முற்றம் சேறாகி, நானும் சுகம். பேர்கனில் நீயும் உன் வீட்டாரும் குளிருக்குத் தப்பி இருக்கிறீர்களா? என் சீனி வருத்தம் அளவாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதாதே.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். அச்சகத்துக்குப் புது மெஷின்கள் வந்துவிட்டன. பன்னிரண்டு வருடமாக நான் செத்தவீட்டு நினைவுப் புத்தகங்கள், கல்வெட்டு அடித்த பழைய கொம்பியூட்டரை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டார்கள். செபநாயகம் ஐயா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, உனக்கு வேணுமெண்டால் உதைக் கொண்டு போ. வேண்டாமெண்டால் டினேசின்ரை கடைக்குக் குடுத்துவிடுவன்” என்றார். டினேஸ் சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். பழையதை எடுத்துக் கழற்றி உதிரியாக விற்பான்.

எனக்கு அது வேண்டும். ஆனால் அதன் பவர் சப்ளை எரிந்து போய்க் கிடக்கிறது, போட்டுப் பார்க்க வழியில்லை. புது விண்டோசைத் தாங்கவும் அதற்கு வயது போய்விட்டது. நீ அங்கே பழைய மெஷின்களைத் திருத்தி, எல்லாருக்கும் பொதுவான அந்த லினக்சைப் போட்டுக் கொடுக்கிற இடத்தில்தானே வேலை செய்கிறாய்? இதில் அது ஓடுமா? முக்கியமாக, சத்தம் வருமா? படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

போன கடிதத்தில் ‘நல்லூர்த் திருவிளா’ என்று எழுதியிருந்தாய். திருவிழா. குளிரில் நாக்கு விறைத்தாலும் கை விறைக்கக் கூடாது.

அன்புடன்,
அக்கா உதயகலா


பேர்கன்
23.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அங்கே மழையில், நாங்கள் இங்கே மழையில். இங்கே அதற்கு மாரி கோடை ஒன்றும் தெரியாது. எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை ஏன் இவ்வளவு பெரிய எழுத்தில் அடித்திருக்கிறீர்கள்? பக்கத்து மேசைக்காரன் எழும்பி வந்து பார்த்தான். எனக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது, கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மெஷினின் வயதை லினக்ஸ் பார்க்காது. மதர்போர்டில் இருக்கிற சில்லுகளைத்தான் பார்க்கும். நீங்கள் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று பெரிய சில்லு, சிப்செட் என்பார்கள். கொக்குவில் சந்தி மாதிரி, எங்கே போவதென்றாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றது சத்தத்துக்கான சின்னச் சில்லு. ஸ்பீக்கர் வயர் குத்துகிற துளைகளுக்குப் பின்னால் நகத்தளவில் இருக்கும். இரண்டின் எண்ணையும் பார்த்து அனுப்புங்கள். லினக்ஸ் பாவிக்கிறவர்கள் தாங்கள் சோதித்த ஒவ்வொரு எண்ணையும் ஒரு பொதுப் பட்டியலில் எழுதி, ஓடியதா இல்லையா என்று குறித்து வைத்திருக்கிறார்கள். நான் அதில் தேடிச் சொல்கிறேன். எண்ணைப் போனில் சொல்ல வேண்டாம், வாயில் மாறும். எழுத்தில் இருந்தால் மாறாது. இது நீங்கள் சொல்லித் தந்ததுதான்.

அது சரி, ஏன் சத்தத்திலேயே நிற்கிறீர்கள்? அளவெட்டி நாதஸ்வரக் கச்சேரிகளைப் போட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற எண்ணமா? அப்படியென்றால் சந்தோஷம். வாழ்நாளெல்லாம் எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு ஓய்வு வேண்டும்தானே.

அன்புத் தம்பி,
வாகீசன்


கொக்குவில்
02.11.2024

அன்புத் தம்பிக்கு,

தீபாவளிக்கு வடை சுட்டு நானே சாப்பிட்டேன். சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் எல்லாரின் சுகத்துக்கும் நல்லூரானிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. சில்லு என்று எழுதாதே. எங்களுக்குச் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. மதர்போர்டுக்குள் பெரிய சில்லும் சின்னச் சில்லும் ஓடுகிறதாக நினைத்து ஒரு நிமிடம் பயந்துபோனேன். சிப் என்றே எழுது.

பெரிய சிப்புக்கு மேல் அலுமினியத் தகடு இருக்கிறது. பக்கத்திலேயே பலகையில் எச் 61 என்று கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறார்கள். சின்ன சிப்பின் எண் நான்கு, ஏழு, மூன்று. கடைசி இலக்கத்தில் கொஞ்சம் சந்தனம் பட்டிருக்கிறது. நவராத்திரி வாணிவிழாவுக்கு நான் பூசியதுதான். செபநாயகம் ஐயா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் அவலும் கடலையும் அவர் செலவு, சந்தனம் என் பொறுப்பு. போன வருடம் மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தேன். மெஷினுக்கு நெற்றி எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாதஸ்வரம் என்று வைத்துக்கொள். சத்தம் வருமா?

உன் கடிதத்தில் பிழை பார்க்க இன்றைக்கு நேரமில்லை. தப்பினாய்.

அன்புடன்,
அக்கா


பேர்கன்
04.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சுட்ட வடை அத்தனையையும் நீங்களே சாப்பிட்டதை உங்கள் சீனி மறந்திருக்காது, கவனமாக இருங்கள்.

மதர்போர்டின் நெற்றியில் சந்தனப் பொட்டு என்று இங்கே சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனிப் பதில். சிப்செட்டுக்கு ஒரு குறையும் இல்லை, லினக்ஸ் அதில் நன்றாக ஓடும். சத்தம்தான் வராது. 473 என்ற எண்ணுக்கு நேரே பட்டியலில் சிவப்புக் குறி. நாலு பேர் முயன்று பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள், மெஷின் ஊமையாகவே இருக்குமாம். அதே கம்பனியின் 478 என்றால் ஒரு தொல்லையும் இல்லை, முதல் நாளே பேசும். எட்டாக இருந்திருக்கலாம் என்று எனக்கும் ஆசைதான். சந்தனத்தைத் துடைத்து இன்னொரு தரம் பாருங்கள் என்று எழுத வந்து, பிறகு நினைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் அச்சுப் பிழை பிடித்த கண் அது. நீங்கள் மூன்று என்றால் மூன்றுதான்.

அதை டினேசுக்கே விட்டுவிடுங்கள். நான் ஒரு புது லப்டொப் வாங்கி அனுப்பட்டுமா?

தம்பி,
வாகீசன்


கொக்குவில்
29.12.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. மாரியோடு தடிமனும் காய்ச்சலும் வந்து போயின. இப்போது சுகமாக இருக்கறேன். நத்தார் விடுமுறையில் நீங்கள் எங்கேயாவது போனீர்களா?

லப்டொப் வேண்டாம். புதுக் கீபோர்டில் என் விரல் பழக நாளாகும். சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன். மூன்றுதான். அந்தக் கதையை விடு.

அச்சகத்தில் ஒரு பிழை போய்விட்டது. அருளம்பலம் மாஸ்டரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டு. வம்சாவழிப் பக்கத்தில் அவர் மனைவி சிவக்கொழுந்து மாமியின் பெயருக்கு முன்னாலும் ‘அமரர்’ என்று அடிபட்டுவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடிந்து, பந்தியில் இருக்கும்போதுதான் கண்டார்களாம். அடுத்த நாள் மாமியே புத்தகத்தோடு அச்சகத்துக்கு வந்துவிட்டார். “பிள்ளை, நான் இன்னும் போகேல்லை. நேற்றுப் பந்தியிலை இருந்து பாயாசமும் குடிச்சனான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். பிறகு அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


பேர்கன்
02.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும். நாங்கள் எங்கேயும் போகவில்லை, பனி கதவை மூடிவிட்டது.

ஆளே இல்லாத மாதிரி இரண்டு மாதம் எழுதாமல் இருந்தீர்கள். மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் “நல்லாய் இருக்கிறன், பிறகு எழுதிறன்” என்று வைத்துவிட்டீர்கள். எழுத்தில் பொய் சொல்லமாட்டீர்கள் என்று நம்பிக் காத்திருந்தேன்.

ஒரு சின்ன உதவி. அந்த மதர்போர்டைக் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கே அதுமாதிரி ஒன்று வந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போனைக் கிட்டப் பிடித்து அமத்தினால் போதும்.

இந்த முறை பொங்களுக்கு வாளைக்குலை தேடிப் பட்டணமெல்லாம் அலைய வேண்டும். இங்கே சக்கறை கிடைத்தால் பால் கிடைக்காது, பால் கிடைத்தால் அரிசி சரியில்லை. நீங்கள் எனக்கும் சேர்த்துப் பொங்குங்கள்.

தம்பி,
வாகீசன்


கொக்குவில்
15.01.2025

அன்புத் தம்பிக்கு,

பால் கிழக்குப் பக்கம்தான் பொங்கி வழிந்தது, உங்களுக்கு நல்ல வருடம். நான் சுகம்.

கேட்ட படத்தை இணைத்திருக்கிறேன். விழுந்ததோ இல்லையோ தெரியாது, ஐந்தாறு எடுத்தேன். நேற்றோடு ஐயா அந்த மெஷினை டினேசுக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம், வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன் என்றால் சிரிப்பாய்.

உன் கடிதம் இந்த முறை ஒரு பிழையும் இல்லாமல் அழகாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது.

அக்கா


பேர்கன்
16.01.2025

அக்கா,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை இன்றைக்கு மரியாதைக்குக் கேட்கவில்லை. உண்மையைக் கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் நாலில் கூரையும் உங்கள் பெருவிரலும் இருந்தன. மற்ற இரண்டும் தெளிவு. சந்தனப் பொட்டு இருக்கிறது. ஆனால் அது காற்றாடியின் சட்டத்தில் இருக்கிறது, சத்தச் சிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. சிப்பில் ஒன்றுமே இல்லை. எண் பளிச்சென்று தெரிகிறது. நான்கு, ஏழு, எட்டு.

எட்டு, அக்கா.

போன கடிதத்தில் பொங்களும் வாளைக்குலையும் சக்கறையும் நான் வேண்டுமென்றே வைத்தவை. மார்கழிக் கடிதத்தில் ‘இருக்கறேன்’ என்று நீங்கள் அடித்திருந்ததைக் கண்டபோதே எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. உங்கள் கையால் அப்படி ஒரு பிழை வந்ததை என் வாழ்நாளில் கண்டதில்லை. ‘அமரர்’ என்று அடிபட்டுவிட்டது என்று எழுதினீர்கள், யார் அடித்தது என்று எழுதவில்லை. அதனால் சோதித்தேன். என்னை மன்னியுங்கள். பிழையே இல்லை, அழகாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு வேலையில் இருக்க முடியாமல் வெளியே போய் மழையில் நின்றேன்.

நான் இங்கே வந்த புதிதில் அகதி முகாமிலிருந்து உங்களுக்கு எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? ‘தினமும் அளுகிறேன்’ என்று எழுதியிருந்தேன். அதை அப்படியே திருப்பி அனுப்பினீர்கள். ளகரத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘முதலில் ழ போட்டு அழு, பிறகு சாப்பிடு’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊரில் நான் முதன்முதல் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கண்ணுக்கு என்ன, அக்கா?

வாகீசன்


கொக்குவில்
09.02.2025

அன்புத் தம்பி வாகீசனுக்கு,

சுகமில்லை. இதை எழுதத்தான் மூன்று கிழமை போனது.

சீனி கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டதாம். இடது கண்ணில் ஆனியிலும் வலது கண்ணில் ஆவணியிலும் இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஓரங்கள் தெரிகின்றன. நடுவில்தான் இல்லை. எதை நேரே பார்க்கிறேனோ அது மறைந்துவிடும். கதைக்கிறவரின் காது தெரியும், முகம் தெரியாது. பக்கத்தின் ஓரம் தெரியும், சொல் தெரியாது. அடிப்பதற்கு எனக்குக் கண் தேவையில்லை, விரலுக்கு இடம் தெரியும். அடித்ததைத்தான் வாசிக்க முடியவில்லை. ‘அமரர்’ அடித்தவள் நான்தான்.

கண் தெரியாதவர்களுக்கு எழுத்தை வாசித்துச் சொல்கிற குரல் லினக்சில் உண்டு என்று ஆஸ்பத்திரி மர வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவர் வேலை செய்வதே அதை வைத்துத்தானாம். அப்போதுதான் அந்தப் பழைய மெஷின்மேல் ஆசை வந்தது. அது பேசினால் நான் வேலையில் இருக்கலாம், பேசாவிட்டால் வீட்டில்தான். அதனால்தான் சத்தம், சத்தம் என்று கேட்டேன். நீ நாதஸ்வரம் என்று நினைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

முதல் தரம் சந்தனத்தின் மேல் பழியைப் போட்டேன். எட்டு என்றால் பேசும் என்று நீ எழுதிய பிறகு, சிப்புக்கு முன்னால் இருந்து தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தால் மூன்று மாதிரி, மற்றப் பக்கத்தால் எட்டு மாதிரி. எனக்கு எட்டு வேண்டும் என்று இருந்தது. பிழை திருத்துகிறவள் தான் ஆசைப்படுகிறதை வாசிக்கக் கூடாது, தம்பி. வாசித்தால் பிழை தப்பிவிடும். அதனால் மூன்று என்று எழுதினேன். ஒருவரைக் கூப்பிட்டு ‘இது எட்டோ மூன்றோ பாருங்கோ’ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். நீயும் என் கண்ணை அவ்வளவு நம்பி எழுதியிருந்தாய். அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதத்தைப் போனில் எழுத்துப் பெரிதாக்கி, ஒரு நாள் முழுக்க இருந்து வாசித்தேன். எட்டு என்ற சொல்லைக் கண்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சந்திக்குப் போனேன். ரயில் கடவையில் நின்று காதால் பார்த்துவிட்டுத்தான் கடந்தேன், பயப்படாதே. டினேஸ், “உந்தப் பழசை என்ன செய்யப் போறியள், அக்கா?” என்று கேட்டான். வேறு ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எனக்குக் கண் தெரியேல்லை, டினேஸ். அது எனக்கு வாசிச்சுக் காட்டும்” என்று வந்துவிட்டது. உனக்குச் சொல்ல முன்னம் அவனுக்குச் சொன்னேன், கோபிக்காதே. அவன் ஒன்றும் கேட்கவில்லை. “இருங்கோ அக்கா, போர்டை இன்னும் விக்கேல்லை எண்டு நினைக்கிறன்” என்று உள்ளே போனான். குவியலைக் கிளறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணித்தியாலம் அந்தச் சத்தத்தில் என் உயிர் தொங்கியது. பிறகு, “சந்தனம் பூசினது உதுதானே?” என்று கொண்டுவந்து கையில் தந்தான். பொட்டைத் தடவிப் பார்த்தேன். அதுதான்.

பிறகு செபநாயகம் ஐயாவிடமும் சொன்னேன். “அமரர் எண்டு அடிச்சதும் நீதானோ?” என்று கேட்டார். “ஓம், ஐயா” என்றேன். “உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பாப்பம், பிள்ளை. கல்வெட்டிலை இன்னொரு பிழை போனால் சனத்துக்கு என்னாலை முகம் குடுக்கேலாது” என்றார். அவரில் குறையில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

அக்கா


பேர்கன்
23.02.2025

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஊசிக்குப் போகிற திகதிகளை எழுதி அனுப்புங்கள், ஒன்றையும் தவறவிட விடமாட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான். ‘நீங்கள் மூன்று என்றால் மூன்றுதான்’ என்று பெரிய மனிதன் மாதிரி எழுதி உங்கள் வாயை அடைத்தேன். படம் அனுப்பச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. எங்கள் இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பழைய மெஷின் கொண்டுவந்தால், அவர் சொல்கிற எண்ணை நான் நம்புவதில்லை, என் கண்ணால் பார்ப்பேன். என் அக்கா என்றதும் பார்க்காமல் விட்டேன்.

பட்டியலை மட்டும் நம்ப இந்த முறை எனக்கு மனமில்லை. எங்கள் கிடங்கில் ஒன்பது நாள் தேடி, அதே 478 இருக்கிற பலகை ஒன்றைக் கண்டுபிடித்தேன். லினக்சைப் போட்டு, தமிழ்க் குரலைப் போட்டு, வாசிக்க எதைக் கொடுப்பது என்று யோசித்துவிட்டு உங்கள் ஐப்பசிக் கடிதத்தைக் கொடுத்தேன். ‘கிணறு நிறைந்து, முற்றம் சேறாகி, நானும் சுகம்’ என்று அது ஒரே தொனியில் வாசித்தது. அந்த நேரம் நீங்கள் எப்படிச் சுகமாக இருந்தீர்கள் என்று இப்போது தெரியும்தானே. மேசையில் தலையை வைத்து அளுதேன்.

போடவேண்டியதையெல்லாம் டினேசுக்கு அனுப்பிவிட்டேன். புதிய பவர் சப்ளையைக் கவணமாகப் பூட்டச் சொல்லுங்கள். மெஷின் எழும்பும்போதே குரல் வரவேண்டும், அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

நான் வரட்டுமா? ஒரு சொல் எழுதுங்கள், பிளேன் ரிக்கற் போடுகிறேன்.

உங்கள் தம்பி,
வாகீசன்


கொக்குவில்
06.04.2025

அன்புத் தம்பி வாகீசனுக்கு,

வெயில் கொளுத்துகிறது. கிணறு பாதிக்கு வந்துவிட்டது. மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று, இருப்பது அப்படியே இருக்கிறதாம். இந்த முறை சுகம் என்று எழுதினால் நீ நம்பலாம்.

மெஷின் முதல் நாள் பேசவில்லை. டினேஸ் பூட்டி, லினக்ஸ் ஏறி, எல்லாம் சரி என்றான். ஒரு முனகல்கூட இல்லை. ‘மூன்றாகத்தான் இருந்திருக்குமோ’ என்று நினைத்துவிட்டேன். பார்த்தால், ஸ்பீக்கர் வயரை மைக்குத் துளையில் குத்தி வைத்திருக்கிறான். நான்தான் விரலால் துளைகளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மாற்றிக் குத்தியதும் கடைக்குள் ஒரு குரல் வந்தது. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது மாதிரி ஒரு குரல். டினேஸ் கைதட்டினான். நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு இன்னொரு கூத்து. பழைய கல்வெட்டு ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி வாசிக்கிறது. நாங்கள் இவ்வளவு காலமும் பாவித்த எழுத்துரு வெளியே தமிழ், உள்ளே ஆங்கிலமாம். இருபத்திரண்டு வருடம் எனக்கே தெரியாமல் இங்கிலீசு அடித்திருக்கிறேன்! டினேஸ் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தந்தான். விசைகளின் இடம் மாறவில்லை, விரல்கள் பிழைத்தன.

போன கிழமை ஒரு கல்வெட்டு, நாற்பத்தெட்டுப் பக்கம். புதிதாக வந்த பிள்ளை அடித்ததைக் காதால் கேட்டுத் திருத்தினேன். குரல் இடறினால் நிறுத்தி அம்புக்குறியை அமத்துவேன், எழுத்தெழுத்தாகச் சொல்லும். பதினொரு பிழை பிடித்தேன். அமரர் வருகிற இடங்களில் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, “அண்ணை, இவ இருக்கிறாவோ, இல்லையோ?” என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கடைசியில் செபநாயகம் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து முடிவு வரை தானும் வாசித்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, பிள்ளை. நான் இனி நாள் எண்ணேல்லை” என்றார்.

சிவக்கொழுந்து மாமியிடமும் போனேன். நான்தான் அடித்தேன், கண் தெரியாமல் அடித்தேன் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, மோனை” என்றார். சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம்.

நீ வா. ஆனால் என்னைப் பார்த்து இரங்க என்று ரிக்கற் போடாதே. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வா. ழகரம் போட்டிருக்கிறேன் பார்.

உன் மாசிக் கடிதத்தை மெஷின் எனக்கு வாசித்தது. இரண்டு இடத்தில் காதில் உறுத்தியது. திருப்பிப் போட்டு எழுத்தெழுத்தாகக் கேட்டேன். ‘கவணமாக’ இல்லை, கவனமாக. இரண்டு சுழி. மற்றது ‘அளுதேன்’. அதை நீ வேண்டுமென்று வைத்தாயோ, தன்னால் வந்ததோ, நான் கேட்கமாட்டேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னம் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். முதலில் ழ போட்டு அழு, பிறகு சாப்பிடு.

அந்தப் பிழையைப் பிடித்ததும், அம்புக்குறியில் விரலை வைத்துக்கொண்டு நானும் அழுதேன். ழ போட்டுத்தான்.

அன்புடன்,
உன் அக்கா உதயகலா